அப்பாவின் கமலையும் தம்பியின் சோலாரும்



போன வாரம் துபாயில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். "டீச்சர், ஊர்ல தோட்டத்துல புதுசா மாட்டுத் தொழு கட்டியிருக்கோம். அதுக்கு மேல சோலார் போட்டா கரண்ட் பில்லு மிச்சம்னு சொல்லுதாவ. உங்க தம்பி தோட்டத்துல போட்டிருக்காவல்லா, எப்படி இருக்கு?" என்று கேட்டான். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லாமல் விட்டது மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் உங்களை விடாத டீச்சர்தானே நான்.

சோலாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் அப்பாவின் கமலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. செம்மண் தேரி, சுற்றிலும் பனை, நடுவில் ஒரு கிணறு. ஆறு பாகம் ஆழம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கிற காலத்தில், அதாவது 1967, 68 வாக்கில், அப்பா விடியற்காலை நாலு மணிக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு போவார். கமலையைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை வெட்டியிருக்கும். வடத்தின் ஒரு முனையில் இரும்புக் கூனை, மறுமுனையில் இரண்டு மாடு. மாடுகள் சரிவில் இறங்கும்போது கூனை மேலே வரும், தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அப்பா வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு போவார். பிறகு மாடுகளைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கூனைக்குப் பத்துக் குடம் தண்ணீர் இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கூனை 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழம். இறங்கி ஏற ஒரு நிமிடம். 150 ஐ 9.8 ஆல் பெருக்கி, 10 ஆல் பெருக்கி, 60 ஆல் வகுத்தால் 245 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆக, ஒரு ஜோடி மாடும் எங்கள் அப்பாவும் சேர்ந்து தண்ணீரில் காட்டிய பலன் ஒரு குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு. இந்த 245 ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்றைக்குக் கரண்ட் பில் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். வைக்கோலும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும்தான் அன்றைய பில். மழை பொய்த்த வருஷம் வைக்கோல் விலை ஏறினால், எங்களுக்குப் புத்தாடை இல்லை.

1971 இல் அப்பா கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் வாங்கினார். அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. ஹேண்டிலைச் சுற்றி அதைக் கிளப்புவதற்குள் அப்பாவின் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் கிளம்பிவிட்டால் ஒரு பகலில் முழுத் தோட்டமும் நனைந்துவிடும். நாங்கள் எல்லாம் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நடந்துகொண்டோம். மாடு இரண்டையும் விற்றாகிவிட்டது. அது பெரிய தப்பு என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் 1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு சண்டைக்குப் போயின. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலர் பக்கம் போய்விட்டது. அப்பாவுக்குச் சினாய் பாலைவனம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் டீசல் டின்னோடு போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது தெரியும். அந்த வருஷம் வாழை குலை தள்ளும் நேரத்தில் காய்ந்தது. சங்கிலி திரும்பி வரவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும் என்பதை எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சுக்காரர் 1839 லேயே கண்டார். 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் மின்கலம் செய்தார்கள். விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக மாற்றியது. விலையோ யானை விலை. 1958 இல் வான்கார்டு செயற்கைக்கோளில் வைத்து விண்வெளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அந்த விலை கட்டுபடியாகும். அதைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெரிய நாடுகள் மும்முரமாகப் பணம் செலவழித்தது அந்த 1973 எண்ணெய்ப் பஞ்சத்துக்குப் பிறகுதான். எங்கள் வாழையைக் காய வைத்த அதே நெருக்கடிதான், ஐம்பது வருஷம் கழித்து எங்கள் தம்பி தோட்டத்துக்குச் சோலாரையும் கொண்டுவந்தது.

இடையில் கரண்ட் வந்த கதை இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1932 இல் பைக்காரா, 1937 இல் மேட்டூர், 1944 இல் நம்ம பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. பைக்காரா கரண்ட் போன கோயம்புத்தூரில் மில்லும் மோட்டார்த் தொழிலும் வளர்ந்தன. 1937 இலேயே ஜி.டி.நாயுடு அங்கே உள்நாட்டு மோட்டார் செய்து காட்டினார். 1957 இல் மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் காலத்தில் கம்பி கிராமங்களுக்குள் ஓடியது. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதில் இந்தியாவிலேயே முன்னால் நின்றது நம்ம மாநிலம். எங்கள் தோட்டத்துக்கு வர 1979 ஆகிவிட்டது. அதே வருஷம்தான் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட்டும் ஓடத் தொடங்கியது என்பதால் வருஷம் மறக்காது.

கரண்டுக்காக விவசாயிகள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 1970 இல் விவசாய மின்சாரத்தை யூனிட் 10 பைசா என்று உயர்த்தியபோது நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கம் போராட்டம் வெடித்தது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கடைசியில் குறைந்தது ஒரு பைசா. 1972 இல் மறுபடியும் உயர்த்தியபோது மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே அடைத்தார்கள். அந்த நாயுடு 1984 டிசம்பரில், தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த இடத்தில், நம்ம கோவில்பட்டியில்தான் காலமானார். அப்பா அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தது நினைவிருக்கிறது. அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தார். 1990 இல் கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் கொடுத்தார். 2003 இல் அதில் கைவைத்துப் பார்த்தார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிந்ததும் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

இலவசம் நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதித் தோட்டம் உடைமரக் காடாகியிருக்கும். ஆனால் ஒன்று சொல்லலாம்: இலவசம் என்றதும் வரிசை நீண்டது. 2021 இல் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இணைப்புக்குக் காத்திருந்தார்கள். அதில் என் தம்பியும் ஒருவன்.

எப்படி என்றால், அப்பா 1996 இல் இறந்த பிறகு பாகம் பிரித்தபோது கிணறும் இணைப்பும் அண்ணன் பங்குக்குப் போயிற்று. தம்பி தன் பங்கில் புதுக் கிணறு வெட்டி 2008 இல் மனுப் போட்டான். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆபீசுக்குப் போய் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு வருவான். பணம் கட்டினால் உடனே கிடைக்கும் தட்கல் இருந்தது, 5 எச்.பி. மோட்டாருக்கு இரண்டரை லட்சம். அவனிடம் ஏது? மறுபடியும் ஆயில் இன்ஜின்தான். அப்பாவின் தோள்பட்டை வலியும் டீசல் கவலையும் அப்படியே அவனுக்கு வந்து சேர்ந்தன.

இதில் என்ன எரிச்சல் தெரியுமா? எங்கள் ஊருக்கு வடக்கே தூத்துக்குடி அனல்மின் நிலையம், ஐந்து யூனிட், 1050 மெகாவாட். தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். அதைத் தாண்டினால் முப்பந்தலில் காடு மாதிரி காற்றாலை. காற்றாலைப் பண்ணையே 1986 இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில்தான் தமிழ்நாட்டில் முதலில் வந்தது. இத்தனைக்கும் நடுவில் என் தம்பி அரிக்கேன் விளக்கோடு போய் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் நிலைமையும் ரொம்ப மேல் இல்லை. 2012 பக்கம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மும்முனை மின்சாரம் பகலில் கொஞ்ச நேரம், ராத்திரியில் கொஞ்ச நேரம். ராத்திரி மடை திருப்பப் போனவர்களைப் பாம்பு கடித்த கதை ஊருக்கு ஊர் உண்டு. அந்த வருஷம்தான் அரசாங்கம் சூரிய மின்சாரக் கொள்கையை வெளியிட்டது; மூன்று வருஷத்தில் 3000 மெகாவாட் என்றார்கள். நாங்கள் சிரித்தோம். வெயிலைப் பற்றி நமக்கு யார் பாடம் நடத்துவது? உப்பளம் என்பது என்ன, பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டு வெயிலை வேலை வாங்குவதுதானே. கருவாடும் அப்படித்தான்.

2019 இல் மத்திய அரசின் குசும் திட்டம் வந்தது. பம்புசெட்டு விலையில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம், மீதி விவசாயி. வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாகப் போட வேண்டும். தம்பிக்கு ஒரே பயம், "அக்கா, சோலாருக்குக் கையெழுத்துப் போட்டா கரண்டு வரிசை போயிருமோ?" பதின்மூன்று வருஷம் நின்ற வரிசை அல்லவா. இந்த விஷயத்தில் விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நீங்கள் யாராவது போடுவதாக இருந்தால் முதலில் ஆபீசில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2021 இல் ஒரு லட்சம் புதிய இணைப்பு என்று முதலமைச்சர் அறிவித்தபோதும் அவன் எண் வரவில்லை. அன்றைக்குத்தான் துணிந்தான். என் ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் கொடுத்தேன்.

5 எச்.பி. மோட்டார், 330 வாட் பேனல் 15. தம்பி முதலில் அதைத் தொழுவின் கூரை மேலேயே போட ஆசைப்பட்டான், நிலம் மிச்சமாகும் என்று. வந்து பார்த்தவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு தாங்காது என்று சொல்லி, தரையில் இரும்புக் கால் ஊன்றிப் போட்டார்கள். அங்கேதான் பனைமரப் பிரச்சினை வந்தது. மேற்கே அப்பா வைத்த பனை ஒன்று. மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் பேனலில் விழும். ஒரு பேனலில் ஒரு முழம் நிழல் விழுந்தாலும் வரிசையில் இருக்கிற மற்ற பேனல்களின் மின்சாரமும் இறங்கிவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி இறுகினால் போல. "வெட்டிருவோம்க்கா" என்றான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருந்த நேரம் அது. அதை விடுங்கள், எனக்கே மனம் ஒப்பவில்லை. அந்தப் பனையின் பதநீர் குடித்துத்தான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவனே வந்து, கிழக்கே இருபது அடி தள்ளிக் கால் ஊன்றச் சொல்லிவிட்டேன் என்றான். கூடுதல் வயர் செலவு என் தலையில்.

மறு வருஷம் தொழுவுக்கும் போட்டான். இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குத்தான். மாட்டுத் தொழுவுக்கு, தட்டை வெட்டும் இயந்திரத்துக்கு, விளக்குக்கு எல்லாம் தனி மீட்டர், தனிப் பில். ஓட்டை எடுத்துவிட்டு, வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் அடித்துத் தகரம் போட்டு, அதன்மேல் 2 கிலோவாட். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் கிடைக்கும். பில் பாதிக்கும் கீழே இறங்கியது உண்மை. ஆனால் போட்டுக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் மெல்லிய திருகாணியைப் போட்டு ஓட்டிவிட்டார்கள். நம்ம ஆனி, ஆடிக் காற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது போல. ஒரு ராத்திரி ஒரு பேனல் பிய்த்துக்கொண்டு போய் வேலியில் விழுந்தது. மாட்டின் மேல் விழவில்லை, கடவுள் புண்ணியம். போன் பண்ணினால் எடுக்கவில்லை. அண்ணன் மகன்தான் போல்ட் வாங்கிவந்து எல்லாவற்றையும் மாற்றினான். அதே காற்றில் தேரிச் செம்மண் வந்து கண்ணாடியில் படியும். வாரம் ஒரு முறை காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன், துணியால் துடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ். எங்கள் பக்கம் கரண்ட் வர நாளாகிவிட்டது. தொழுவின் மேல் சோலார் இருக்கிறதே, விளக்காவது எரியும் என்று நம்பினோம். எரியவில்லை! மின்வாரியக் கம்பியோடு சேர்த்துப் போட்ட சோலார், லைனில் கரண்ட் இல்லை என்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். பாட்டரி வைத்திருந்தால் கதை வேறு. இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. ஆனால் கிணற்றுச் சோலாருக்குக் கம்பி உறவே கிடையாது. வெயில் முகம் காட்டிய அன்று அது ஓடத் தொடங்கியது. தெருவே குடத்தோடு தம்பி தோட்டத்துக்கு வந்தது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இனி, அந்த மாணவனிடம் சொல்லாமல் விட்ட மீதி.

அந்த 245 வாட்டை எடுங்கள். 15 பேனல், 330 வாட், மொத்தம் 4950. மோட்டாரிலும் பம்பிலும் பாதி வீணாகிறது என்றாலும் தண்ணீரில் சேர்வது 2475. உச்சி வேளையில் தம்பியின் கிணற்றில் பத்து ஜோடி மாடு கமலை இறைக்கிறது. அப்பாவின் மாடு பத்து மணிக்கு நுரை தள்ளும், நிறுத்துவார். கிணறு ஊறும். ஆயில் இன்ஜின் டீசல் தீர்ந்தால் நிற்கும். இந்தப் பத்து ஜோடிக்குப் பசியில்லை, களைப்பில்லை, வைக்கோலும் இல்லை. முதல் இரண்டு வருஷம் காலை ஒன்பது மணிக்குப் போட்டால் சாயங்காலம் நாலு வரை ஓடிக்கொண்டே இருந்தது. "சும்மா வார கரண்டு, எதுக்கு அமத்தணும்?" என்பான். முருங்கையோடு நிற்காமல் வாழையும் போட்டான்.

போன கோடையில் வாழை இலை ஓரம் கருகியது. உரக் குறை என்று உரம் போட்டான். நான் ஒரு நாள் அங்கே வாய் கொப்பளித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. கடல் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அடியில் கடல்நீர் உள்ளே வந்து கிணறுகள் உப்பானது நாம் கண்ணால் பார்த்தது. தாமிரபரணி வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாக நம்ம எம்.எல்.தேரி வரை கொண்டுவர 2009 இல் 369 கோடி ரூபாய் மதிப்பில் கால்வாய்த் திட்டம் தொடங்கியதே இந்த வறட்சிக்காகத்தான். வெள்ளநீர் வந்தால் ஊறும், வராத வருஷம்?

முருங்கை ஓரளவு உப்பைத் தாங்கும். வாழை தாங்காது. இதைச் சொன்னதற்கு, "சோலார் போடச் சொன்னதும் நீங்க, இப்பம் ஓட்டாதேங்கியதும் நீங்க" என்று கோபித்துக்கொண்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். 2016 இல் அங்கே சோலார் பம்பு வைத்த ஆறு விவசாயிகள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். வயலுக்குப் போதுமான தண்ணீர் இறைத்த பிறகு மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். மோட்டாரை நிறுத்தினால் காசு வரும் என்றால் யார் வீணாக ஓட்டுவார்கள்? என் தம்பியின் பம்புக்கு அந்த வசதி இல்லை. நிறுத்தினால் அவனுக்கு ஒன்றும் வராது, கிணறு பிழைக்கும் என்பதைத் தவிர.

இப்போதைக்கு நாங்கள் செய்திருப்பது: வாழையைப் பாதியாகக் குறைத்து, முழுத் தோட்டத்துக்கும் சொட்டுநீர் போட்டாகிவிட்டது. சிறு, குறு விவசாயிக்கு அது முழு மானியம். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் கொடுத்தேன், சில நூறு ரூபாய்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் கிணற்றுத் தண்ணீரில் வைத்துப் பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஏறினால் இரண்டு நாள் மோட்டாருக்கு லீவு. என் பழைய வருகைப் பதிவேட்டின் மிச்சப் பக்கத்தில் குறித்து வருகிறேன். சித்திரையில் ஏறியது, புரட்டாசி வரை இறங்கவில்லை, ஐப்பசி மழைக்குப் பிறகு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன ஞாயிறு அவன் அனுப்ப மறந்துவிட்டான். அல்லது மறைத்துவிட்டான். நாளைக்கு நேரில் போகிறேன்.

துபாய்த் தம்பிக்கு: தொழுவின் மேல் தாராளமாகப் போடு. பகலில் ஓடும் வேலைக்குத்தான் அதிக லாபம். மிச்ச மின்சாரத்துக்கு என்ன கணக்கு என்பதை உன் இணைப்பு எந்த வகை என்று மின்வாரிய ஆபீசில் கேட்டுவிட்டுப் பணம் கட்டு. 2024 இல் வந்த சூர்ய கர் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், குடியிருக்கும் வீட்டுக்குத்தான், தொழுவுக்குக் கிடைக்காது. போல்ட்டை உங்கள் அப்பாவை நின்று பார்க்கச் சொல். கிணற்றுக்கும் சேர்த்துப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து அவரிடம் கொடுத்துவிடு. சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன், மீட்டர் என்னிடம் இன்னொன்று இருக்கிறது.